போன பல்லும் ஒரு முயல் எலும்பும்

ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மரத்தில் செய்த பல் இருந்ததுன்னு ஒரு கதை உண்டு. நீங்களும் எங்கேயாவது படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே ரொம்ப நாள் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனா அது கட்டுக்கதை. 1789-ல் அவர் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றபோது வாயில் சொந்தமாக மிச்சம் இருந்தது ஒரே ஒரு பல். அவர் போட்டுக்கொண்ட பல்செட்டுகளில் இருந்தது நீர்யானைத் தந்தம், ஈயம், தங்கம், அப்புறம் மேல் செட்டையும் கீழ் செட்டையும் பிரித்துத் தள்ளுகிற ஒரு ஸ்பிரிங். வாயை மூடி வைத்துக்கொள்ளவே தனியாகப் பலம் வேணும். படங்களில் மனுஷன் உதட்டை இறுக்கிக்கொண்டு இருப்பதற்குக் கம்பீரம் மட்டும் காரணம் இல்லை :-)

இதோடு மனிதப் பல்லும் இருந்தது. அது எங்கிருந்து வந்தது? அவருடைய மௌன்ட் வெர்னன் பண்ணையின் கணக்குப் புத்தகத்தில் 1784 மே மாதத்தில் ஒரு வரி இருக்கு. பல் வைத்தியர் ல மேயர் கணக்கில், ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின மக்களுக்கு 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்ததாகச் செலவு எழுதியிருக்கிறார்கள். அந்த ஒன்பதும் வாஷிங்டன் வாய்க்கேதான் போச்சுங்கிறதுக்கு ஆதாரம் கிடையாது. ஆனா அந்தப் பண்ணையில் அடிமையாக இருந்த ஒருத்தர், "என் பல்லை நான் தரமாட்டேன்"னு முதலாளிகிட்ட சொல்லியிருக்க முடியுமா? காசு கொடுத்து வாங்கினதா கணக்கு எழுதிட்டா அது வியாபாரம் ஆயிடுமா?

எங்க வீட்டில் கொஞ்ச நாளாக "இம்ப்ளான்ட் வைக்கலாமா, வேண்டாமா" பட்டிமன்றம் நடந்துகொண்டிருக்கிறது. (யாருக்கு, ஏன் என்பதைப் பிறகு சொல்றேன்.) அதுக்காகப் படிக்கப் போய், பல் போன மனுஷன் அந்த ஓட்டையை அடைக்க என்னவெல்லாம் செய்து பார்த்திருக்கிறான் என்கிற கதைக்குள் மாட்டிக்கொண்டேன். படித்து முடித்ததும் ஒரு விஷயம் உறுத்தியது. ஆயிரக்கணக்கான வருஷமா எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: ஓட்டையில் எதை வைக்கலாம்? வைக்கிற இடத்தில் இருக்கிற எலும்பு என்ன சொல்லுதுன்னு பொறுமையாக உட்கார்ந்து கேட்டவர் பல் டாக்டரே இல்லை.

வாஷிங்டன் காலத்திலேயே லண்டனில் ஜான் ஹன்டர்னு ஒரு பெரிய சர்ஜன் இருந்தார். பற்களைப் பற்றி 1771-ல் புத்தகம் எழுதியவர். ஒரு மனிதப் பல்லை எடுத்துச் சேவலின் கொண்டையில் நட்டு வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. அந்தக் கொண்டை இன்னமும் லண்டன் ஹன்டேரியன் மியூசியத்தில் இருக்கு. இவ்வளவு பெரிய ஆள் சொல்லிட்டார்னா அப்புறம் கேட்கணுமா? சீமாட்டிகளுக்குச் சொத்தைப் பல்லைப் பிடுங்கி, அந்தச் சூடு ஆறுவதற்குள் ஒரு ஏழைச் சிறுவனின் நல்ல பல்லைப் பிடுங்கி அதே குழியில் செருகி, பக்கத்துப் பல்லோடு நூலால் கட்டி விடுவது லண்டனில் ஃபேஷன் ஆனது. தாமஸ் ரோலண்ட்சன் 1787-ல் இதைக் கிண்டல் செய்து ஒரு படம் போட்டார். புகைக்கூண்டு சுத்தம் செய்கிற கரிப்பையன் நாற்காலியில், அவன் பல்லுக்காகப் பக்கத்தில் காத்திருக்கும் சீமாட்டி, பல்லைக் கொடுத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகும் பிள்ளைகள். சிரிக்க வைக்கிற படம்தான். கொஞ்ச நேரம் பார்த்தால் சிரிப்பு வராது.

அந்தப் பல் நின்றதா என்றால், கொஞ்ச காலம் நின்றது. பிறகு வேரை உடம்பு மெதுவாகக் கரைத்துவிடும், பல் ஆடி விழுந்துவிடும். பல்லோடு சேர்ந்து பால்வினை நோயும் வந்ததாகப் புகார்கள் கிளம்பின. மெல்ல ஃபேஷன் போய்விட்டது.

உயிரோடு இருக்கிறவர்கள் பல் வேண்டாம் என்றால் செத்தவர்கள் பல். 1815-ல் வாட்டர்லூ போர். களத்தில் கிடந்த இளம் சிப்பாய்களின் வாயிலிருந்து முன்பற்களைக் குறடு வைத்துப் பிடுங்கி மூட்டை மூட்டையாக விற்றார்கள். தந்தத்தில் செய்த அடித்தளத்தில் அந்தப் பற்களைப் பதித்தால் பல்செட் ரெடி. "வாட்டர்லூ பல்"ங்கிற பெயரே நிலைத்துவிட்டது. சின்ன வயசுக்காரன் பல், சொத்தை இல்லாத பல் என்று கூடுதல் மதிப்பு வேறு. பல வருஷம் கழித்து அமெரிக்க உள்நாட்டுப் போரில் செத்தவர்களின் பல்லும் கப்பல் ஏறி இங்கிலாந்துக்கு வந்திருக்கு.

இதிலிருந்து உலகத்தைக் காப்பாற்றியது பீங்கான் பல்லும் ரப்பரும். குட்இயர் கண்டுபிடித்த கெட்டி ரப்பரை, வல்கனைட் என்பார்கள், 1850-களில் பல்செட்டின் அடித்தளமாக்கினார்கள். வாயின் அச்சு எடுத்து அதற்குத் தகுந்தாற்போல் வார்க்கலாம், விலையும் மலிவு. அதுவரை பணக்காரன் சமாச்சாரமாக இருந்த பல்செட் சாதாரண ஜனங்களுக்கு வந்தது இப்படித்தான். இதிலும் ஒரு கொலை இருக்கு, கேளுங்க. வல்கனைட்டுக்குக் காப்புரிமை வைத்திருந்த கம்பெனி, இதைப் பயன்படுத்துகிற ஒவ்வொரு பல் டாக்டரும் லைசென்ஸ் கட்டணம் கட்டணும்னு கோர்ட்டு கோர்ட்டாக இழுத்தது. அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன், ஊர் ஊராகப் போய் டாக்டர்கள் மேல் கேஸ் போட்டவர். 1879-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஈஸ்டர் ஞாயிறு அன்று, சாமுவேல் சால்ஃபன்ட் என்கிற பல் டாக்டர் ஹோட்டலில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். காப்புரிமைத் தகராறில் இப்படியும் ஒரு தீர்ப்பு! அந்தக் காப்புரிமை 1881-ல் காலாவதி ஆனது. இன்றைக்கு நாம் பார்க்கிற ரோஸ் கலர் அக்ரிலிக் பல்செட் 1930-களின் கடைசியில் வந்து, ரப்பரையும் ஓரம் கட்டியது.

ஆனா இதெல்லாம் ஈறு மேல் உட்கார்கிற பல். எலும்பில் ஊன்றுகிற பல்லுக்கு வேற கதை.

அந்தக் கதையின் முதல் சாட்சி ஹோண்டுராஸ் நாட்டில் கிடைத்தது. 1931-ல் வில்சன் பபினோவும் அவர் மனைவியும் தோண்டி எடுத்த ஒரு கீழ்த்தாடைத் துண்டு, கிட்டத்தட்ட கி.பி. 600-ஐச் சேர்ந்தது. முன்பல் மூன்று இருக்க வேண்டிய இடத்தில், பல் மாதிரியே செதுக்கிய மூன்று சிப்பித் துண்டுகள்! செத்த பிறகு பிணத்துக்கு அலங்காரமாகச் செருகியிருப்பார்கள்னுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 1970-களில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, இரண்டு சிப்பிகளைச் சுற்றி எலும்பு வளர்ந்திருப்பது தெரிந்தது. செத்தவர் தாடையில் எலும்பு வளராது. அப்போ, உயிரோடு இருந்தபோதே யாரோ அடித்து இறக்கியிருக்கிறார்கள். மயக்க மருந்து இல்லாத காலத்தில். நினைத்தாலே கூசுது. ஆனா நான் அங்கே கவனித்தது வேற: 1400 வருஷத்துக்கு முன்னாலேயே எலும்பு ஒத்துழைக்கத் தயாராக இருந்திருக்கு. நாம்தான் தயாராக இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் ஆளாளுக்கு முயற்சி செய்தார்கள். அமெரிக்காவில் கிரீன்ஃபீல்டுனு ஒருத்தர் 1913 வாக்கில் இரிடியம்-பிளாட்டினம் கம்பியில் சின்னக் கூடை பின்னி எலும்பில் இறக்கினார். பாஸ்டனில் ஆல்வின் ஸ்ட்ராக், 1930-களின் கடைசியில், எலும்பு டாக்டர்கள் உபயோகிக்கிற வைட்டேலியம் என்கிற கலப்பு உலோகத்தில் மரை போட்ட திருகு செய்து வைத்தார். சில பேருக்கு அது பத்துப் பதினைந்து வருஷம் நின்றிருக்கு. ஸ்வீடனில் டால், 1940-களில், எலும்புக்குள் போகாமல் எலும்பு மேல் சேணம் மாதிரி உட்கார்கிற உலோகச் சட்டம் கொண்டுவந்தார். 1960-களில் நியூயார்க்கில் லின்கோ, பிளேடு மாதிரி தட்டையான இம்ப்ளான்ட். எல்லாமே சில வாயில் ஜெயித்தது, சில வாயில் தோற்றது. எது ஜெயிக்கும், எது தோற்கும்னு முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியவில்லை. ஒரு டாக்டர் தன் ஜெயித்த கேஸைக் கூட்டத்தில் ஸ்லைடு போட்டுக் காட்டுவார், எல்லாரும் கை தட்டுவார்கள். தோற்ற கேஸ் ஸ்லைடு ஆகாது.

ஏன் தோற்றது? நம்ம சொந்தப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொண்டு இல்லை. நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி. அதில் நார் நாராக ஒரு தசைநார், அதில்தான் பல் ஊஞ்சல் மாதிரி தொங்குது. கல் கடித்தால் சட்டென்று தெரிவதும் அதனால்தான். அந்தக்கால இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் ஒரு நார்ப் படலம் வளர்ந்தது. "ஆஹா, இயற்கைப் பல் மாதிரியே இதுக்கும் மெத்தை வந்திருக்கு"ன்னு டாக்டர்களில் ஒரு பெரிய கூட்டம் சந்தோஷப்பட்டது. உண்மையில் அது மெத்தை இல்லை. அன்னியப் பொருள் ஒன்றை உடம்பு துணி சுற்றித் தள்ளி வைக்கிற வேலை, முள்ளைச் சுற்றிச் சீழ் கட்டுவதற்கு ஒன்றுவிட்ட தம்பி. கொஞ்ச நாளில் அது தடித்து, பல் ஆடி, கிருமி இறங்கி, எலும்பையும் தின்றுவிட்டுத்தான் போகும்.

இப்போ நம்ம ஆள் வருகிறார். பெர்-இங்வார் ப்ரோனமார்க், ஸ்வீடன்காரர், 1929-ல் பிறந்தவர். உடற்கூறு ஆராய்ச்சியாளர். பல்லைப் பற்றி அவருக்கு அப்போது எந்தக் கவலையும் இல்லை. 1952-ல் லுண்ட் பல்கலைக்கழகத்தில், எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தம் எப்படி ஓடுதுன்னு உயிரோடு இருக்கிற முயலில் பார்க்க ஆசைப்பட்டார். அதற்காக முயலின் கால் எலும்பில் ஒரு சின்னக் குழாயைத் திருகி வைத்தார். உள்ளே மெல்லிய எலும்பு வளரும், அதில் ஒளியைச் செலுத்தி மைக்ராஸ்கோப் வைத்துப் பார்க்கலாம். அந்தக் குழாய் டைட்டானியத்தில் செய்தது. சோதனை முடிந்ததும் குழாயைக் கழற்றி அடுத்த முயலுக்கு வைக்கலாம்னு பார்த்தால், கழறவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

இந்த இடத்தில்தான் எல்லாப் புத்தகமும் "யுரேகா" போடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டைட்டானியம் எலும்பில் ஒட்டுதுங்கிறது அவருக்கு முன்னாலேயே பார்த்த விஷயம். 1940-ல் பூனைகளில் ஒரு குழு கவனித்து எழுதியிருக்கிறது. 1951-ல் லெவன்தால் என்பவர் எலிகளின் தொடையெலும்பில் டைட்டானியத் திருகு வைத்து, நாளாக ஆக அது இறுகிக்கொண்டே போனதையும், 16 வாரம் கழித்து ஒன்றைக் கழற்றப் போய் எலும்பே உடைந்ததையும் பதிவு செய்திருக்கிறார். ஆக, தற்செயல் பலருக்கும் நடந்தது. அதுக்கு அப்புறம் என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். 1952-ல் முயல் எலும்பு, முதல் மனுஷன் வாயில் வைத்தது 1965. நடுவில் பதின்மூன்று வருஷம்!

அந்தப் பதின்மூன்று வருஷத்தில் நாய்களுக்குப் பல்லை எடுத்துவிட்டு டைட்டானியத் திருகு வைத்து, அதன்மேல் பல் கட்டி, கடிக்கவிட்டு வருஷக்கணக்கில் பார்த்தார். மனுஷ உடம்பு இந்த உலோகத்தை எப்படி எடுத்துக்கொள்ளும்னு தெரிந்துகொள்ள, தாமாக முன்வந்த மாணவர்களின் மேல்கைத் தோலில் டைட்டானியக் குழாய் வைத்து மாசக்கணக்கில் கவனித்தார். 1960-லேயே கோதன்பர்க் வந்துவிட்டார், பிறகு வேலை எல்லாம் அங்கேதான்.

டைட்டானியத்தில் அப்படி என்ன விசேஷம்? காற்று பட்ட மாத்திரத்தில் அதன்மேல் ஒரு ஆக்சைடு படலம் வந்துவிடும். சில நானோமீட்டர் கனம்தான். சுரண்டினால் உடனே மறுபடி வரும். எலும்புக்குத் தெரிவது உலோகம் இல்லை, அந்தப் படலம். அது துருப்பிடிக்காது, உடம்பைச் சீண்டாது. (இந்த டைட்டானியம் நமக்கொண்ணும் அன்னியம் இல்லை. நாகர்கோவில் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாக மினுங்கும் மணல் பார்த்திருப்பீர்கள். அதிலிருக்கும் இல்மனைட் டைட்டானியத்தின் தாதுதான்.)

ஆனா நல்ல உலோகம் மட்டும் போதாது. ப்ரோனமார்க் குழு செய்த வேலையைப் பார்த்தால், முக்கால்வாசி "செய்யாமல் இருப்பது" பற்றிய விதிகள். எலும்பைச் சுட வைக்காதே: மெதுவாகத் துளை போடு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே போடு. (47 டிகிரி சூடு ஒரு நிமிஷம் இருந்தாலே எலும்புக்குச் சேதம்னு கோதன்பர்க்கில் பிறகு, 1983-ல், அளந்தே காட்டினார்கள்.) திருகை இறக்கியதும் மேலே பல் கட்டாதே. ஈறை மூடித் தைத்துவிடு. கீழ்த்தாடை என்றால் மூன்று நாலு மாசம், மேல்தாடை என்றால் ஆறு மாசம், அதைத் தொடாதே. பிறகு ஈறைத் திறந்து பார். எலும்பு பிடித்திருந்தால் மட்டும் பல் கட்டு.

ஸ்ட்ராக்கும் திருகுதான் வைத்தார், இவரும் திருகுதான். பல் கேட்டு வந்தவனை ஆறு மாசம் பொக்கை வாயோடு வீட்டுக்கு அனுப்புகிற தைரியம் இவருக்கு இருந்தது. ஆடாமல் அசையாமல் விட்டால்தான் எலும்பு வந்து ஒட்டும், ஆட்டினால் நார்தான் வளரும். இந்த ஒட்டுதலுக்கு 1970-களில் "ஆசியோஇன்டக்ரேஷன்"னு பெயர் வைத்தார்கள். தமிழில் எலும்பிணைவு என்று சொல்லலாமா? இதைவிட நல்ல சொல் உங்ககிட்ட இருந்தா கொடுங்க, எடுத்துக்கறேன்.

1965-ல் நாற்காலியில் உட்கார்ந்தவர் யோஸ்டா லார்சன். 34 வயசு. பிறவியிலேயே அண்ணப் பிளவு, தாடைக் கோளாறு. கீழே பல் இல்லை, பல்செட்டும் நிற்காது, சாப்பிடுவதும் பேசுவதும் அவஸ்தை. இதுவரை எந்த மனுஷன் மேலும் நிரூபிக்காத வைத்தியத்துக்கு அவர் சம்மதித்ததை வீரம்னு எழுதுகிறார்கள். எனக்கென்னவோ, இழக்க ஒன்றும் பாக்கியில்லாத நிலைமைன்னுதான் தோணுது. கீழ்த்தாடையில் நாலு திருகு. மாசக்கணக்கில் காத்திருந்து, பிறகு பல் கட்டினார்கள். நின்றது.

உடனே உலகம் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும்னு நினைக்கிறீர்களா? ஸ்வீடனில் பல் மருத்துவப் பேராசிரியர்கள் கிழித்துத் தொங்கப்போட்டார்கள். முதல் காரணம், இவர் பல் டாக்டர் இல்லை. இன்னொரு காரணத்தில் நியாயமும் இருந்தது. அதுவரை வந்த இம்ப்ளான்ட்டுகள் எத்தனையோ பேர் தாடையைப் பாழாக்கியிருந்தன, "இதுவும் ஒண்ணு"ன்னு நினைத்ததைத் தப்பு சொல்ல முடியாது. உள்ளூரில் ஆராய்ச்சிப் பணம் கேட்டால் கிடைக்கவில்லை, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம்தான் கொடுத்தது. 1970-களின் நடுவில் ஸ்வீடன் அரசின் சுகாதார வாரியம் பேராசிரியர்களை அனுப்பி நோயாளிகளைப் பார்க்கச் சொன்னது. பார்த்துவிட்டு வந்து, சரியாகத்தான் இருக்குன்னு அறிக்கை கொடுத்தார்கள்.

1978-ல் இதைத் தயாரிக்க ப்ரோனமார்க் கைகோத்தது யாரோடு தெரியுமா? போஃபர்ஸ்! ஆமாங்க, அதே பீரங்கி போஃபர்ஸ்தான். நம்ம ஊரில் 1987-ல் அந்தப் பெயரை வைத்து ஆட்சியே ஆட்டம் கண்டது. அந்த வீட்டில் பிறந்த நோபல்ஃபார்மா கம்பெனிதான் பிறகு நோபல் பயோகேர் ஆனது.

எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்தது 1981-ல் வந்த ஒரு கட்டுரை. அடெல், லெக்ஹோம், ராக்லர், ப்ரோனமார்க் நாலு பேரும் எழுதியது. பதினைந்து வருஷக் கணக்கு. 371 பேர், 410 தாடைகள், 2768 திருகுகள். முக்கியமான விஷயம், வரிசையாக வந்த அத்தனை பேரும் கணக்கில் உண்டு. நல்லா வந்த கேஸை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை. ஐந்திலிருந்து ஒன்பது வருஷம் பார்த்ததில் மேல்தாடையில் 81 சதவீதத் திருகும், கீழ்த்தாடையில் 91 சதவீதத் திருகும் அசையாமல் இருந்தன. அதன்மேல் கட்டிய பல்வரிசை மேலே 89 சதவீதம், கீழே 100 சதவீதம் நின்றது. ஆரம்ப வருஷங்களில் தோல்வி அதிகம் என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். ஸ்லைடு போட்டுக் கைதட்டல் வாங்குகிற தொழிலில் இது ஒரு புது வழக்கம்.

1982 மே மாசம் டொரான்டோவில் பேராசிரியர் ஜார்ஜ் ஸார்ப் ஒரு மாநாடு கூட்டினார். வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து பேராசிரியர்களை உட்கார வைத்து இந்தக் கணக்கைக் காட்டினார்கள். ஸார்ப் தன் ஊரிலேயே அதே முறையைத் திருப்பிச் செய்து பார்த்து வைத்திருந்ததால், "ஸ்வீடன் தண்ணி அப்படி"ன்னு யாரும் ஒதுக்க முடியவில்லை. நவீன இம்ப்ளான்ட்டின் பிறந்தநாள்னு பலரும் இந்த மாநாட்டைத்தான் சொல்கிறார்கள். முயல் எலும்பிலிருந்து எண்ணினால் முப்பது வருஷம்.

சரி, எங்க வீட்டுப் பட்டிமன்றம். கேஸ் எங்க அம்மா. மேல் பல்செட் நல்லாத்தான் நிற்குது. கீழ் செட்டுதான் பிரச்சினை, எவர்சில்வர் டம்ளர் தண்ணிக்குள்ளேயே குடும்பம் நடத்துது. கல்யாணம் காட்சின்னா மட்டும் வெளியே வரும். முறுக்கு வேணும்னா காபியில் நனைத்துத்தான். "பல்லு போனா சொல்லு போச்சு"ம்பாங்க, அம்மாவுக்குச் சொல்லு போகலை, சோறுதான் போச்சு. இது அம்மாவின் சாமர்த்தியக் குறைவு இல்லை, தாடையின் அமைப்பு. மேல் அண்ணத்தில் பல்செட்டுக்குப் பரந்த இடம் இருக்கு, கவ்விப் பிடித்துக்கொள்ளும். கீழே குதிரை லாடம் மாதிரி குறுகலான ஒரு வரப்பு, நடுவில் நாக்கு ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். பல் போன எலும்பு வருஷாவருஷம் கரைவதால் அந்த வரப்பும் தாழ்ந்துகொண்டே போகும். ப்ரோனமார்க் முதலில் கீழ்த்தாடைகளில் இறங்கியதன் நியாயம் இதைப் பார்த்தாலே புரியும்.

ஒண்ணு ரெண்டு பல் போனவங்களுக்கு பிரிட்ஜ் ஒரு வழி. ஆனா ரெண்டு பக்கத்து நல்ல பல்லைச் செதுக்கித்தான் அதைத் தாங்க வைக்கணும், பக்கத்துப் பல் ஏற்கெனவே கேப் போட வேண்டிய நிலையில் இருந்தால் அது நல்ல வழி. முழுசாகப் பல் இல்லாதவங்களுக்கு வரிசை முழுக்க இம்ப்ளான்ட் மேல் கட்டலாம், செலவு நம்ம பட்ஜெட்டைத் தின்றுவிடும். இதுக்கு நடுவில் ஒரு வழி இருப்பது எனக்கு இந்தப் படிப்பில்தான் தெரிந்தது. கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் ரெண்டே ரெண்டு திருகு. அதன் தலையில் பிரஸ் பட்டன் மாதிரி ஒரு அமைப்பு. பல்செட் டக்குனு அதில் மாட்டிக்கொள்ளும், ராத்திரி கழற்றிக் கழுவலாம். 2002-ல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்ப்பல் முழுசாக இல்லாதவர்களுக்கு வெறும் பல்செட் முதல் தேர்வாக இருக்கக்கூடாது, குறைந்தது இந்த ரெண்டு திருகு வழிதான் முதல் தேர்வுன்னு அறிவித்தார்கள். கரையாமல் மிஞ்சுகிற எலும்பும் அந்த முன்பக்கத்தில்தான் அதிகம், பெரிய நரம்பின் தொந்தரவும் அங்கே இல்லை.

இதை அம்மாகிட்ட விளக்கினேன். "ரெண்டு ஆணி போதும்னா அதையே அடிக்கச் சொல்லு, மீதியெல்லாம் எதுக்குடா"ன்னுட்டாங்க. சர்க்கரை கட்டுக்குள் இருக்கான்னு பார்த்துவிட்டுத்தான் மேலே போகணும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை, புகை, புகையிலை மூன்றும் இம்ப்ளான்ட்டுக்கு ஆகாது. டைட்டானியத்துக்குச் சொத்தை வராதே தவிர, சுற்றியிருக்கிற ஈறுக்கும் எலும்புக்கும் அழற்சி வரும். தேய்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் நல்லா ஒட்டின திருகும் கழன்று கைக்கு வந்துவிடும். "ஒரே நாளில் பல்"னு விளம்பரம் பார்த்திருப்பீர்கள். திருகின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி எலும்பு சீக்கிரம் ஒட்ட வழி செய்தது உண்மை, தகுந்த எலும்பு இருப்பவர்களுக்கு அன்றே தற்காலிகப் பல் கட்டுவதும் நடக்கிறது. ஆனா உள்ளே எலும்பு வந்து ஒட்ட எடுத்துக்கொள்கிற வாரங்களை விளம்பரத்தால் குறைக்க முடியாது. டாக்டர்கிட்ட நான் கேட்க நினைத்திருப்பது இதைத்தான்: என்ன பிராண்டுன்னு இல்லை, எத்தனை நாள் காத்திருப்பீங்கன்னு.

ப்ரோனமார்க்கின் திருகு பல்லோடு நிற்கவில்லை. 1977-லிருந்து கோதன்பர்க்கிலேயே காதுக்குப் பின்னால் எலும்பில் திருகி, அதில் காது கேட்கும் கருவி மாட்டினார்கள். கால் போனவர்களுக்குத் தொடையெலும்பிலேயே டைட்டானியத்தை ஊன்றிச் செயற்கைக் கால் பூட்டுகிற வேலையை 1990-களில் அவர் மகன் ரிக்கார்ட் எடுத்துச் செய்தார். அப்பா 2014 டிசம்பரில், 85 வயசில் காலமானார். அவருக்கு நோபல் கிடைக்கவில்லை, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2011-ல் வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது.

அந்த யோஸ்டா லார்சன்? 2006-ல் காலமாகும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், 1965-ல் வைத்த அந்தத் திருகுகளை வைத்துக்கொண்டுதான் மென்று சாப்பிட்டார்.